என்பு முறிவும் அசைவின் அளவும்: மூதூரை முன்வைத்து ஒரு விளக்கம்

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினக் கரையில் வீசிய புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டுவதற்காக அக்கப்பல் அனுப்பப்பட்ட இடம் மூதூர் அமைந்துள்ள கொட்டியாரக் குடாவாகும். அங்கு கரையிறங்கிய கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் மாலுமிகள் சிலரும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டமையும், மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்று 1681இல் இலங்கை பற்றிய நூலொன்றை வெளியிட்டமையும் வரலாற்று மாணவர் அறிந்தவை. நமக்கு வேண்டியது அவ்வரலாற்றின் தொடக்கத்திலுள்ள சிறு செய்தி மட்டுமே. முறிந்த பாய்மரம் தானாக ஒட்டுவதில்லை. அதற்கு ஈடாக வேறொரு மரம் வேண்டும். ஆனால் அக்கப்பலில் ஒரு மாலுமியின் கால் முறிந்திருக்குமாயின் நிலைமை வேறு. என்பு உயிருள்ள பொருள். அது தன் முறிவைத் தானே இணைக்கும். அவ்வாறு இணைக்கும்போது ஏனைய பல உறுப்புக்களைப் போலத் தழும்பை விட்டுவிடாது, மீண்டும் என்பையே ஆக்கும்.

அவ்வாறாயின் வைத்தியர் செய்வது யாது? என்பை ஒட்டவைப்பது வைத்தியரன்று. ஒட்டுவதற்கான சூழலைக் காத்துக்கொடுப்பதே அவரது பணி. அச்சூழல் இரண்டு நிபந்தனைகளாலானது. ஒன்று, முறிந்த இடத்துக்குக் குருதி செல்லவேண்டும். மற்றையது, முறிந்த முனைகளுக்கிடையே நிகழும் அசைவு ஓர் அளவுக்குள் நிற்கவேண்டும். அசைவு முற்றாக ஒழியவேண்டும் என்பதன்று. அளவுக்குள் நிற்கவேண்டும் என்பதே இங்கு கூற்று. மூங்கிற் சிம்பாயினும் தைத்தேனியத் தகடாயினும் இவ்விரு நிபந்தனைகளாலேயே மதிப்பிடப்படல்வேண்டும் என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம். மூதூரை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. கடலிலும் வயலிலும் காட்டிலும் கைகால்களின் வலிமையையே முதலாகக் கொண்டு வாழும் மக்களின் ஊர் அது. சத்திரசிகிச்சை நிபுணரிடமிருந்து நீண்டகாலம் நீராற் பிரிக்கப்பட்டிருந்த ஊரும் அதுவே.

என்பு என்னும் பொருள்

என்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிப்பொருளாகும். எஞ்சிய பகுதியிற் பெரும்பங்கு கொலாசன் என்னும் புரதநார். கொங்கிறீற்றையும் அதனுள் வைக்கப்படும் உருக்குக் கம்பியையும் இதற்கு ஒப்பிடலாம். கொங்கிறீற்று நெருக்கும் விசையைத் தாங்கும். இழுக்கும் விசைக்கு எளிதில் வெடிக்கும். கம்பி இழுவையைத் தாங்கும். என்பிலும் கனிப்பொருள் விறைப்பையும் கொலாசன் முறியாது நெகிழும் இயல்பையும் தருகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கொங்கிறீற்றுத் தூண் தன்மீது ஏறும் சுமையை அறியாது, என்பு அறியும். சுமை கூடிய இடத்தில் அது தடிக்கும், சுமை குறைந்த இடத்தில் மெலியும். இவ்வியல்பை யேர்மன் நாட்டு அறிஞர் யூலியசு வோல்பு 1892இல் ஒரு விதியாகவே வகுத்தார். துடுப்பு வலிக்கும் மீனவரின் புயவென்பு தடித்திருப்பதும், மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடப்பவரின் தொடையென்பு மெலிவதும் இவ்விதியின் இரு பக்கங்களே.

என்பு எவ்விதம் முறிகின்றது என்பதும் விசையின் இயல்பைப் பொறுத்ததே. கால் ஓரிடத்தில் அகப்பட்டிருக்க உடல் திரும்பினால், முறுக்கத்தினால் என்பு சுருள்வடிவிற் பிளக்கும். பக்கவாட்டில் அடி விழுந்தால் வளைவினாற் குறுக்கே முறியும். தென்னையிலிருந்து விழுந்தவரின் குதிகாலென்பும் முள்ளென்பும் நெருக்கத்தினால் நசியும். வேகமாய் வந்த வாகனம் மோதும்போது விரைவாக ஏறிய சத்தி முழுவதும் ஒரே கணத்தில் விடுவிக்கப்படுவதால் என்பு பல துண்டுகளாய்ச் சிதறும். சுற்றியுள்ள தசையும் குருதிக்கலன்களும் சிதையும். ஆதலின் முறிவுக் கோட்டின் வடிவத்தைக் கண்ட வைத்தியர், தசைக்கும் குருதிக்கலன்களுக்கும் நேர்ந்த சேதத்தையும் ஓரளவு ஊகித்தறிய முடிகின்றது.

முறிவு ஆறும் படிகள்

முறிந்தவுடன் என்பின் உள்ளிருந்தும் அதனைப் போர்த்தியுள்ள என்புறையிலிருந்தும் குருதி வடிந்து முனைகளிடையே உறைகின்றது. இவ்வுறைகட்டி வீண்பொருளன்று, ஆறுதலைத் தூண்டும் கலங்களும் இரசாயனச் செய்திகளும் இதிலிருந்தே புறப்படுகின்றன. சில நாட்களில் அதனுள் புதிய நுண்குருதிக்கலன்கள் புகுந்து மென்மையான சிறுமணியிழையம் தோன்றும். இரண்டு மூன்று வாரங்களில் நாரிழையமும் கசியிழையமும் சேர்ந்து முறிவைச் சுற்றி ஒரு திரளாகின்றன. இதனை ஒட்டுத்திரள் எனக் கூறுவோம். அடுத்த வாரங்களில் ஒட்டுத்திரளிற் கல்சியம் படிந்து அது என்பாக மாறும். வளர்ந்தோரின் மேலவயவ முறிவு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களிலும், கீழவயவ முறிவு 12 முதல் 16 வாரங்களிலும் உறுதிபெறும் என்பது பொதுக்கணக்கு; சிறுவரில் இதன் அரைவாசிக் காலம் போதுமானது. அதன்பின் என்பை அரிக்கும் கலங்களும் ஆக்கும் கலங்களும் மாதங்கள், ஆண்டுகள் எனத் தொழிற்பட்டு, மிகையானதை நீக்கிப் பழைய வடிவத்தை மீட்கின்றன.

ஒட்டுத்திரள் என்பின் வெளிப்புறத்தில் உருவாவது ஏன்? இங்கு இயற்கையின் பொறியியலைக் காண்கின்றோம். ஓர் உருளை வளைவை எதிர்க்கும் ஆற்றல் அதன் விட்டத்தின் நான்காம் வலுவுக்கு விகிதசமமானது. விட்டம் இருமடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும். 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்ம உருளை அதே பொருளினால் 40 மில்லிமீற்றராகத் தடித்தாலே அதன் விறைப்பு மும்மடங்கைத் தாண்டிவிடும். புதிய திரள் என்பைவிட மிக மென்மையானது. ஆயினும் நடு அச்சிலிருந்து விலகி வெளியே அமைவதால், மென்மையினால் இழந்ததை விட்டத்தினால் ஈடுசெய்கின்றது. எக்சுக் கதிர்ப் படத்தில் முறிவைச் சுற்றித் தோன்றும் வீக்கத்தைக் கண்டு நோயாளர் சிலர் அஞ்சுவதுண்டு; அது அஞ்சத்தக்கதன்று, வரவேற்கத்தக்கது.

அசைவின் அளவு

இனி நமது மையப் பொருளுக்கு வருவோம். சுவிற்சர்லாந்து அறிஞர் இசுற்றீபன் பெறென் 1970களின் பிற்பகுதியில் முன்வைத்த விகாரக் கோட்பாடு எளிய கணக்கொன்றில் அடங்கும். முறிந்த முனைகளிடையே உள்ள இடைவெளியை, நிகழும் அசைவு எவ்வளவு விகிதத்தால் மாற்றுகின்றதோ அதுவே விகாரம். சிறுமணியிழையம் 100 சதவீத விகாரத்தையும் தாங்கும். கசியிழையம் ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தாங்கும். என்போ 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது. தாங்கமுடியாத விகாரத்தில் எந்த இழையமும் உருவாக இயலாது.

0.1 மில்லிமீற்றர் இடைவெளியில் 0.1 மில்லிமீற்றர் அசைவு நிகழ்கின்றது எனக் கொள்வோம். விகாரம் 100 சதவீதம். அங்கு என்பு தோன்ற வழியில்லை. உடல் என்ன செய்கின்றது? முனைகளைச் சற்றே அரித்து இடைவெளியை 1 மில்லிமீற்றராக்குகின்றது. அதே அசைவு இப்போது 10 சதவீத விகாரமே, கசியிழையம் தோன்றலாம். கசியிழையம் தோன்றியதும் விறைப்புக் கூடி அசைவு 0.02 மில்லிமீற்றராகக் குறையுமாயின் விகாரம் 2 சதவீதமாகும். இப்போது என்பு தோன்றலாம். ஒவ்வோர் இழையமும் தனக்கு அடுத்து வரும் இழையத்துக்கு இடமமைத்துக் கொடுக்கும் இப்படிமுறையே முறிவின் ஆறுதல். பல துண்டுகளாய்ச் சிதறிய முறிவு சிறிது அசைந்தாலும் ஒட்டிவிடுவதன் விளக்கமும் இதுவே. மொத்த அசைவு பல இடைவெளிகளிடையே பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றிலும் விகாரம் சிறிதாகின்றது.

அசைவு அறவே இல்லாதபோது நிகழ்வது வேறு. முனைகள் இறுகப் பொருந்தி நெருக்கப்பட்டிருப்பின் ஒட்டுத்திரள் தோன்றாமலே, என்பை அரிக்கும் கலங்கள் முறிவைக் குறுக்கே துளைத்துச் செல்ல, ஆக்கும் கலங்கள் பின்தொடர்ந்து நிரப்புகின்றன. இத்துளைப்பு ஒரு நாளில் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கையே எட்டும்; ஆதலின் இவ்வழி மெதுவானது. ஆயினும் மூட்டின் பரப்பு முறிந்தவிடத்து, மேடுபள்ளமின்றிப் பொருத்த இவ்வழியே உகந்தது.

நீண்ட என்பின் தண்டு முறிந்தவிடத்து நிலை மாறுபடும். குட்சிப்பும் கென்றைற்றும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், முறிக்கப்பட்ட செம்மறியாட்டுக் காலென்புகளில் நாளொன்றுக்கு 17 நிமிடம் மட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவான அச்சுவழி அசைவை ஏற்படுத்தினர். முற்றாக அசைவற்று வைக்கப்பட்ட என்புகளைவிட அவை நன்கு ஆறின. ஓய்வு வேண்டும் என்பதும் இயக்கம் வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுக்களல்ல. இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

நிலைநிறுத்தும் முறைகள்

இவ்வளவுகோலை மனத்திற் கொண்டு சிகிச்சை முறைகளை நோக்குவோம். ஒல்லாந்து இராணுவ வைத்தியர் மத்தைசன் 1852இல் அறிமுகப்படுத்திய பாரிசுச் சாந்துக் கட்டு, தசைகளினூடாக என்பை மறைமுகமாகத் தாங்குகின்றது. அதனுள் என்பு சிறிது அசையும். அதனாலேயே ஒட்டுத்திரள் வளரும். மேலும் கீழுமுள்ள மூட்டுக்கள் நீண்டகாலம் அசைவின்றி இறுகிப்போவது அதன் குறை.

தகடும் திருகாணியும் என்பை நேரடியாகப் பிடிக்கின்றன. பெல்சிய வைத்தியர் டானிசு 1949இல் நெருக்குத் தகட்டினால் ஒட்டுத்திரளின்றி என்பு இணைவதை விளக்கினார். அவ்வழியில் 1958இல் சுவிற்சர்லாந்திற் கூடிய சத்திரசிகிச்சையாளர் குழு இம்முறையை உலகெங்கும் பரப்பியது. ஆனால் தகட்டை அமர்த்துவதற்கு என்புறையை அகலத் திறந்தால் குருதியோட்டம் குன்றுகின்றது. உருக்கின் விறைப்பு என்பின் விறைப்பைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. தைத்தேனியக் கலப்புலோகத்தின் விறைப்பு உருக்கினதில் அரைவாசியளவு. விறைப்பான தகடு சுமை முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டால் வோல்பின் விதிப்படி அதன் கீழுள்ள என்பு மெலியும். மிகத் தீமையானது இரண்டுங்கெட்ட நிலை: இடைவெளி சிறிதாக, அசைவும் சிறிது எஞ்சியிருக்கத் தகட்டைப் பொருத்துதல். அங்கு விகாரம் உச்சமடையும், என்பு ஒட்டாது.

யேர்மன் வைத்தியர் குன்சர் 1939-40 காலப்பகுதியில் என்பின் உட்குழியினுள் நீண்ட உருக்குக் கோலைச் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். கோல் நடு அச்சில் அமைவதால் வளைவுவிசை அதனை அதிகம் வருத்தாது. முறிவிடத்தைத் திறவாமலே செலுத்தலாமாதலின் வெளிக்குருதியோட்டமும் என்புறையும் காக்கப்படும். தொடையென்பு, கணைக்காலென்பு ஆகியவற்றின் தண்டு முறிவுக்கு இன்று உலகெங்கும் முதன்மை பெறுவது இதுவே. சோவியத் நாட்டின் குர்கான் நகரில் இலிசாரொவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம் தோலுக்கு வெளியே நின்று மெல்லிய கம்பிகளால் என்பைத் தாங்கும். சீழ்பிடித்த முறிவுக்கும் குறுகிய காலை நீட்டுவதற்கும் அது பயன்படுகின்றது.

எந்த உலோகமும் என்றென்றும் தாங்காது என்பதை மறத்தலாகாது. நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவரின் ஒரு காலில் 2,500 தடவை சுமையேறும். மூன்று மாதத்தில் அது இரண்டு இலட்சத்தைத் தாண்டும். கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதுபோல உலோகமும் களைத்து முறியும். என்பு முந்துகின்றதா, உலோகம் முறிகின்றதா என்னும் இப்போட்டியில் என்பு முந்துவதற்குக் குருதியும் உணவும் வேண்டும். புகைத்தல் என்பின் ஆறுதலைத் தாமதப்படுத்துவது நிறுவப்பட்ட உண்மை. தகட்டைப் பொருத்திக்கொண்டு பீடியைக் கைவிடாதவர் உலோகத்தின் பக்கமே சுமையைக் கூட்டுகின்றார்.

முறிவு நெரிவு வைத்தியம்

நமது மக்களிற் பலர் முதலில் நாடுவது முறிவு நெரிவு வைத்தியரையே. எண்ணெய் இட்டு, புக்கை வைத்து, சிம்பு அணைத்துக் கட்டும் இம்முறை ஆசியாவெங்கும் நிலவுவது. ஆந்திர மாநிலப் புத்தூரின் கட்டு தமிழ்நாடெங்கும் பெயர்பெற்றது. இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவதும், குறையற்றது எனப் போற்றுவதும் ஒருங்கே அறிவியலுக்குப் புறம்பானவை. சுசுருத சங்கிதை முறிவுகளைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகல்களை ஆறாகவும் வகுத்து, கட்டு தளர்ந்தால் உறுதி கிட்டாது, இறுகினால் வீக்கமும் நோவும் சீழும் உண்டாகும், நடுநிலைக் கட்டே சிறந்தது எனக் கூறுகின்றது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கும் வெயிற்காலத்தில் மூன்று நாளுக்கும் ஒருமுறை கட்டை மாற்றவேண்டும் என்கின்றது. அசைவின் அளவு என்னும் கருத்தை அனுபவம் முன்னரே உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

மூங்கிற் சிம்பு நெகிழும் தன்மையது. அளவான அசைவை அனுமதிக்கும். இடம்பெயராத முன்கை முறிவும் சிறுவரின் முறிவும் அதனால் ஆறுவதில் வியப்பில்லை. ஆனால் சிம்பு முறுக்கத்தையும் நீளக்குறைவையும் தடுக்காது. தொடையின் பெருந்தசைகள் முறிந்த என்பை ஒன்றன்மேலொன்றாக இழுக்கும்போது அது செயலற்றது. புதுமுறிவின் வீக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருக்க இறுகக் கட்டினால் தசைக்குக் குருதி செல்லாது. 1881இல் வொல்க்மன் விபரித்த கைத்தசைச் சுருக்கமும், அழுகலால் அவயவத்தை இழப்பதும் அதன் விளைவுகள். விரல் வெளுத்தலும் மரத்தலும், விரலை நீட்டும்போது தாங்கொணா நோவும் தோன்றினால் கட்டை உடனே முற்றாக அவிழ்க்கவேண்டும். தோல் கிழிந்து என்பு வெளியே தெரியும் முறிவுக்கு எண்ணெயும் புக்கையும் ஒருபோதும் ஆகா. அங்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முதல் மணித்தியாலத்துள்ளேயே கிடைத்தல் நன்று. கழுவிச் சுத்திகரிக்கும் சத்திரசிகிச்சையும் வேண்டும்.

மூதூரும் காலமும்

முதல் மணித்தியாலம் என்னும் இச்சொல்லே மூதூரின் வரலாற்றைத் தொடுகின்றது. மூதூரிலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் குடாவைக் கடக்கும் கடற்பயணமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கரைவழியே செல்வோர் கங்கை, இறால்குழி, கிண்ணியா, உப்பாறு ஆகிய துறைகளில் மிதவைப் பாதைக்குக் காத்துநின்றனர். மூடிய தொடையென்பு முறிவில் மட்டும் ஒன்று முதல் ஒன்றரை இலீற்றர் குருதி தசையினுள் வடியக்கூடும். தாங்கப்படாத கால் ஒவ்வோர் அலையிலும் அசைய, வடிதல் கூடும். முதலாம் உலகப் போரில் தோமசுச் சட்டத்தினாற் காலை இழுத்துத் தாங்கியபின் இடம்மாற்றும் வழக்கம் பரவியதும் தொடையென்பு முறிவினாலான மரணங்கள் பெரிதும் குறைந்தன என்பதை இங்கு நினைத்தல் தகும். 2006 ஆகத்து மாதப் போரின்போது மூதூர் மக்கள் பல்லாயிரவர் கந்தளாயை நோக்கி இடம்பெயர்ந்தனர். அத்தகைய நாட்களில் முறிந்த காலின் கதியை நிர்ணயிப்பது சத்திரசிகிச்சை நிபுணரின் திறனன்று. அருகிலிருந்தவர் இட்ட முதற்சிம்பே.

2009இற் கிண்ணியாப் பாலமும் 2011இல் ஏனைய துறைகளின் பாலங்களும் திறக்கப்பட்டன. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை பின்னர் கிழக்குக்கும் விரிந்தது. பாலமும் வண்டியும் என்புமுறிவுச் சிகிச்சையின் பகுதிகளே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். ஆயினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துக்கும் சத்திரசிகிச்சைப் பொருள்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு, இறக்குமதி உலோகத்தை மட்டும் நம்பியிருக்கும் முறையின் பலவீனத்தை வெளிப்படுத்தியது. வறிய நாடுகளின் தேவையை முன்னிட்டு 1999இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட 'சைன்' அமைப்பு, சத்திரசிகிச்சையின்போது எக்சுக் கதிர்த் திரை இல்லாமலே செலுத்தத்தக்க உட்கோலை உருவாக்கியமை இத்துறையிற் கவனிக்கத்தக்க எடுத்துக்காட்டு. எளிய கருவி தாழ்ந்த கருவியன்று. அதன் இயக்கவியல் சரியாயின் போதும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மேனாட்டு மருத்துவக் கல்வி மட்டக்களப்பிலும் சித்த மருத்துவக் கல்வி திருகோணமலை வளாகத்திலும் நடைபெறுகின்றன. சிம்பின் விறைப்பை அளத்தல், கட்டின் இறுக்கத்தை அளத்தல், கட்டப்பட்ட முறிவின் ஆறுதலை எக்சுக் கதிர்ப் படத்தினாற் பின்தொடர்தல் ஆகிய ஆய்வுகளை இரு சாராரும் கூடிச் செய்தல் இயலும். மீனவர் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் முதற்சிம்பு இடும் பயிற்சி அளித்தலும், முறிவு நெரிவு வைத்தியருக்கு எந்த முறிவை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்னும் தெளிவை ஏற்படுத்தலும் பெருஞ்செலவின்றி ஆகக்கூடியவை.

எவ்வகைக் கட்டாயினும் அதனை நோக்கி மூன்று வினாக்களை எழுப்புவோம். குருதி தடையின்றிச் செல்கின்றதா? முனைகளின் அசைவு, உருவாகும் இழையம் தாங்கும் அளவுக்குள் நிற்கின்றதா? ஆறுதல் முன்னேறுந்தோறும் சுமை என்புக்குத் திரும்புகின்றதா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கிடைக்குமாயின், அக்கட்டு மூங்கிலாற் செய்யப்பட்டதா உலோகத்தாற் செய்யப்பட்டதா என்பது இரண்டாம் வினாவே. விடை இல்லை எனின், பொருளின் விலையோ மரபின் பழமையோ அந்த அவயவத்தைக் காக்கமாட்டா. வலை இழுப்பவரும் வயல் உழுபவரும் தம் உழைப்புக்குத் திரும்புவது இவ்விடைகளைப் பொறுத்ததாகலின், இவ்வினாக்களை எழுப்பும் உரிமை வைத்தியருக்கு மட்டுமன்றி மக்களுக்கும் உரியது.